சீல் வைத்த எண்பது மீட்டர்

கரீம் நகர்ச் சாலையோர நடை மற்றும் மிதிவண்டிப் பாதைத் திட்டக் குழுவில் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் காரில் வருகிறவர்கள். சைக்கிள் ஓட்டும் பொதுமக்களில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருந்ததால், பதினோராவது ஆளைத் தேடி அலுவலகம் ஆறு வாரம் அலைந்தது. காலை ஏழரை மணிக்குக் கரீம் நகர்ச் சாலையில் நின்றால் ஐந்நூறு சைக்கிள் போகும். ஆனால் அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு. பத்து மணிக்கு மேல் அந்த ஐந்நூறு பேரும் ஷூ கம்பெனிகளுக்குள் இருப்பார்கள்.

ஊர் எது என்று கேட்காதீர்கள். ஆம்பூரில் பிரியாணி வாங்கிக்கொண்டு கிளம்பினால் சூடு ஆறுவதற்குள் வந்துவிடும் தூரம், அவ்வளவுதான்.

கடைசியில் ஆள் தானாகவே வந்து மாட்டினார். ஜியாவுல்லா, வயது நாற்பத்தேழு, ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை. தெருக்குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்க அரைநாள் லீவு போட்டு வந்தவர், சைக்கிளை அலுவலக வாசலில் நிறுத்தினார். வாட்ச்மேன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டோம் போலிருக்கிறது என்று ஜியாவுல்லா மன்னிப்புக் கேட்டார். அவரை அப்படியே மாடிக்குக் கூட்டிப்போனார்கள்.

"சைக்கிள் உங்களதுதானே பாய்?" என்று கேட்டார் திட்ட அலுவலர் பரணிதரன்.

"ஆமா சார்."

"டெய்லி ஓட்றீங்களா?"

"ஓட்டாம எப்டி சார் வேலைக்குப் போறது?"

பரணிதரன் சுற்றியிருந்தவர்களைப் பெருமையாகப் பார்த்தார். "ஜெனுயின் யூசர்" என்றார். சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் ஹேமந்த் எழுந்து நின்று ஜியாவுல்லாவைச் சைக்கிளோடு போட்டோ எடுத்துக்கொண்டார். குழாய் மனுவை மட்டும் யாரும் வாங்கவில்லை.

ஜியாவுல்லா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் அரைநாள் சம்பளம் போகும். ஆனால் அவருடைய மகள் லுப்னா அந்த வருஷம்தான் ப்ளஸ் டூ முடித்துக் காலேஜில் பி.காம் சேர்ந்திருந்தாள். மூன்று வருஷப் படிப்பு. காலேஜ் ஐந்து கிலோமீட்டர். மேம்பாலம் வந்த பிறகு பஸ்ஸெல்லாம் பாலத்தின் மேலேயே பறந்துவிடும், கரீம் நகரில் நிற்காது. ஷேர் ஆட்டோக்களில் அந்த நேரத்துக்கு ஷிப்ட் ஆட்கள் தொங்கிக்கொண்டு போவார்கள். ஜியாவுல்லாவின் கம்பெனி எதிர்த்திசையில், எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். லுப்னாவிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிள். தார்ச்சாலையில் தோல் லாரிகள். அதை ஒட்டி ஐந்தடி அகலத்துக்கு ஒரு மண் ஓரம். அதற்கப்பால் கழிவுநீர்க் கால்வாய். அந்த ஐந்தடி மண்ணில்தான் லுப்னா காலேஜுக்குப் போய்வந்தாள்.

மனைவி ஜஹீருன்னிசா அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது கேட்டாள். வீட்டில் உருதுதான். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"நெஜமாவே பாதை போடுவாங்களா?"

"கமிட்டியே போட்டுட்டாங்க. பாதை போட மாட்டாங்களா?"

"போடட்டும். அவ வீடு வந்து சேர்ற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல."

முதல் இரண்டு கூட்டமும் கணக்கெடுப்பு அறிக்கையைப் பற்றி. சாலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பார்க்க ஹேமந்தின் நிறுவனம் இரண்டு பேரை அனுப்பியிருந்தது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, மே மாத வெயிலில், சாலையின் இரண்டு முனையிலிருந்தும் நடந்து வந்தார்கள். வழியில் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். அறிக்கையில் 'நடப்போர்: 2' என்று பதிவாகியிருந்தது.

"சார், காலைல பாத்தா மூவாயிரம் பேர் நடப்பாங்க சார்" என்றார் ஜியாவுல்லா.

"அது ஷிப்ட் கூட்டம் பாய்" என்றார் பரணிதரன். "வேலைக்குப் போறவங்க போய்த்தான் ஆகணும். நடப்போர்னா, நடக்கணும்னு நடக்கறவங்க. நாளைக்குப் பாதை வந்ததும் இந்த ரெண்டு இருபதாகணும், இருபது இருநூறாகணும். இப்பவே மூவாயிரம்னு எழுதிட்டா நம்ம திட்டத்தால என்ன வளர்ச்சின்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது.

மூன்றாவது கூட்டத்தில்தான் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழையைப் பார்த்த சந்தோஷத்தில் கத்துகிறது. ஜியாவுல்லா உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார்.

பாதையில் பதிக்கும் ஓட்டின் நிறம் சிவப்பா பச்சையா, விளக்குக் கம்பம் வளைந்ததா நேரானதா என்று இரண்டு மணி நேரம் பேசியாகிவிட்டது. பாதையின் நாலரை கிலோமீட்டருக்கும் ஒரே மாதிரி வருமா என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். பரணிதரன் நெற்றியைத் தேய்த்தார்.

"சார், எங்க கம்பெனில இன்னா பண்ணுவோம்னா" என்று ஆரம்பித்தார் ஜியாவுல்லா, "பத்தாயிரம் ஜோடி ஆர்டர்னாலும் மொதல்ல ஒரே ஒரு ஜோடி சாம்பிள் போட்டுக் காட்டுவோம். ஆர்டர் குடுத்த பையர் பாத்து ஓகே சொன்னாத்தான் மிச்சத்தை ஓட்டுவோம். ஜாஸ்தி வேஸ்ட் ஆகாது சார்."

ஹேமந்த் மடிக்கணினியை மூடினார். பரணிதரன் மெதுவாகக் கேட்டார்.

"ஓகே ஆன சாம்பிளை என்ன பண்ணுவீங்க?"

"டேக் போட்டு, சீல் வெச்சு, பீரோல பூட்டிருவோம் சார். அதை யாரும் கால்ல போடக் கூடாது. அதைப் பாத்துப் பாத்துத்தான் மத்தது எல்லாம் செய்யணும். அதுல ஒரு கீறல் விழுந்தாலும் எந்தச் சரக்கு சரி, எது தப்புன்னு சொல்ல முடியாம போயிரும்."

"இது" என்றார் பரணிதரன், "இதுதான் அடிமட்டத்து ஞானம். இருபத்தாறு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். நாங்க ஒரு ரோடு போடுவோம், மறுநாளே ஜனங்க அதுல நடந்து, வண்டி ஓட்டி, அதை நாசம் பண்ணிடுவாங்க. அப்புறம் குழி விழுந்துச்சுன்னு எங்க மேலயே பெட்டிஷன். தப்பு எங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் புரியுது. நாம சீல் வைக்கறதே இல்ல."

அதற்கப்புறம் வேலை நடந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டே நாளில் எண்பது மீட்டர் சாம்பிள் பாதை தயாரானது. சிவப்பு ஓடு, நடுவில் மஞ்சள் கோடு, இரண்டு பெஞ்சு, ஒரு வேப்பங்கன்று, இரும்பில் செய்த ஒரு சைக்கிள் சிலை. கார் திரும்பும்போது கண்ணுக்கு அழகாகப் படும் என்பதால் சிறுபாலத்துக்குப் பக்கத்து வளைவில் அமைத்தார்கள். கரீம் நகர்ச் சாலை முழுவதிலும் மிகவும் குறுகலான இடம் அதுதான். மண் ஓரம் ஐந்தடியும் பாதைக்குள் போய்விட்டது.

பையர் யார் என்று ஒரு கேள்வி வந்தது. "ஜனங்கதானே சார்?" என்றார் ஜியாவுல்லா. எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்து, வெயில் அதிகமாக இருந்ததால் காருக்குள்ளிருந்தே கண்ணாடியை இறக்கிப் பார்த்து, ஓகே சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டது.

அன்று சாயங்காலமே சுற்றிலும் இடுப்பளவுக்குக் கம்பிவேலி. இரண்டு முனையிலும் சங்கிலி, பூட்டு, அரக்கு முத்திரை, சிவப்பு டேக். டேக்கில் பரணிதரனின் கையெழுத்துக்குக் கீழே பயனாளிப் பிரதிநிதி என்று ஜியாவுல்லாவின் கையெழுத்து. வேலியில் ஒரு போர்டும் வைத்தார்கள்: 'இது நடைபாதை. நடக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.' கேமராவும் வந்தது. காவலுக்குப் போட்ட ஆள் பாதைக்குள் உட்காரக் கூடாது என்பதால் நாற்காலியைத் தார்ச்சாலையில் போட்டு உட்கார்ந்தார். இரண்டாம் நாள் ஒரு லாரி நாற்காலியை மட்டும் தட்டிக்கொண்டு போனது. மூன்றாம் நாளிலிருந்து அவர் வரவில்லை.

மறுவாரம் கூட்டத்தில் ஜியாவுல்லா எழுந்து நின்றார். எழுந்து நிற்க வேண்டியதில்லை, ஆனால் உட்கார்ந்துகொண்டு கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"சார், அந்த எண்பது மீட்டருக்கு மட்டும் எல்லாரும் ரோட்டுல எறங்கிப் போக வேண்டியிருக்கு சார். ஓரமா ரெண்டடி விட்டீங்கன்னா பசங்க, பொம்பளைங்க போய்க்குவாங்க. என் பொண்ணும் அந்த வழிதான் சார் காலேஜுக்குப் போவுது."

"ரெண்டடி விட்டா அது அப்ரூவ் ஆன சாம்பிள் இல்லியே பாய்" என்றார் பரணிதரன் வருத்தத்தோடு. "உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்களே சாம்பிள் ரூம். பையர் ஓகே பண்ண ஷூவை ரெண்டு இன்ச் வெட்டுவீங்களா?"

வெட்ட மாட்டோம் என்று ஜியாவுல்லா ஒப்புக்கொண்டார். தொழில் தெரிந்தவரால் வேறென்ன சொல்ல முடியும்?

"மிச்சத்தை எப்ப சார் ஓட்டுவீங்க?"

"சாம்பிளை ஒரு வருஷம் அப்சர்வ் பண்ணணும். மழை, வெயில், பனி. அவசரப்பட்டுப் போட்டு அப்புறம் ரிஜெக்ட் ஆனா யார் பொறுப்பு?"

ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை, அந்த எண்பது மீட்டரில் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி லுப்னாவின் ஹேண்டில்பாரைத் தட்டியது. அவள் வேலி மேல் சாய்ந்து விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது, துப்பட்டா கம்பியில் மாட்டிக் கிழிந்தது. லாரி நிற்கவில்லை. ஜஹீருன்னிசா மஞ்சள் பூசிவிட்டுக் கிழிந்த துப்பட்டாவை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

"இனி அவ அந்த ரோட்டுல போ மாட்டா. கையோட போச்சு. நாளைக்குத் தலையா இருந்தா?"

"அம்மி, திங்கக்கெழமை இன்டர்னல் டெஸ்ட்" என்றாள் லுப்னா அம்மாவிடம். "ரோட்டுல போனாத்தானே ஆபத்து? நான் ரோட்டுல போல. சரியா?"

ஜியாவுல்லா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுத்திருக்க வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு லுப்னா சைக்கிளைத் தூக்கிச் சங்கிலிக்கு மேலே அந்தப் பக்கம் வைத்தாள். தானும் தாண்டினாள். ஏறி மிதித்தாள். எண்பது மீட்டர், இருபத்திரண்டு விநாடி. மறுமுனையில் இறங்கி மறுபடி தூக்கி வெளியே வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போய் டெஸ்ட் எழுதினாள். கேமராவில் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. திட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டிய ஒரே ஆள் அவள்தான்.

அவசரக் கூட்டம். திரையில் அந்த இருபத்திரண்டு விநாடியை ஆறு முறை ஓட்டினார்கள். தன் மகள் நேராக உட்கார்ந்து, கைகாட்டி, மஞ்சள் கோட்டுக்கு இடதுபுறமாகவே ஓட்டிப்போவதை ஜியாவுல்லா ஆறு முறை பார்த்தார். நன்றாகத்தான் ஓட்டினாள். அவருக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"டயர் மார்க்" என்றார் ஹேமந்த். "மொத்தம் அறுபத்தேழு மீட்டருக்கு இருக்கு சார். சாம்பிள் இப்ப யூஸ்டு ஆயிடுச்சு."

பரணிதரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பாய், உங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறைல மரியாதை உண்டு. ஆனா ஒண்ணு யோசிங்க. இந்தப் பாதை யாருக்காக? உங்க பொண்ணு மாதிரிப் பிள்ளைங்களுக்காகத்தானே? அப்ப அதைக் காப்பாத்த வேண்டிய மொத ஆள் யாரு? அந்தப் பிள்ளைதானே? அவங்களே அதுல ஓட்டிட்டா, நாளைக்கு யாருக்காக நாங்க இதைப் பாதுகாக்கறது? ஒரு நல்ல விஷயம் நடக்கும்போது பயனாளிகள் கொஞ்சம் தள்ளி நிக்கணும். இந்த ஒழுக்கம் நம்ம ஜனங்ககிட்ட இல்ல."

முதல் சாம்பிள் ரிஜெக்ட் என்று தீர்மானம் நிறைவேறியது. ரிஜெக்ட் ஆன சாம்பிளையும் கம்பெனிகள் தூக்கிப் போடுவதில்லை, டேக் மாற்றி அதையும் பத்திரமாக வைத்திருக்கும். இந்த விஷயத்தை ஜியாவுல்லா உயிர் போனாலும் சொல்வதில்லை என்று வாயை இறுக மூடியிருந்தார். ஆனால் அதற்குள் பரணிதரன் ஷூ தயாரிப்பைப் பற்றிப் புத்தகம் வாங்கிப் படித்திருந்தார். ஆகவே பழைய வேலி அப்படியே இருக்க, அதற்கு அடுத்த எண்பது மீட்டரில் சாம்பிள் நம்பர் இரண்டு. மொத்தம் நூற்று அறுபது மீட்டர் அடைபட்டது.

ஜியாவுல்லாவிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் நீட்டினார்கள். 'நானோ, என் மனைவியோ, மகளோ மேற்படி நடை மற்றும் மிதிவண்டிப் பாதையில் நடக்கவோ மிதிவண்டி ஓட்டவோ மாட்டோம் என உறுதியளிக்கிறேன்' என்று இருந்தது. தகப்பன் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, குழு உறுப்பினர் முன்னிலையில் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து. இரண்டையும் அவரே போட்டார்.

அவருக்கு அவமானமாக இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, சாப்பிட்டு, தொழுதுவிட்டுப் படுத்தார். தூக்கம்கூட வந்தது.

லுப்னா பத்து நாள் காலேஜுக்குப் போகவில்லை. பதினோராம் நாள் கம்பெனி வேன் வந்தது. இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் காலேஜுக்குப் போக வழி இருக்காது, ஆஸ்பத்திரிக்குப் போக வழி இருக்காது. ஆனால் பதினெட்டு வயசு முடிந்த பெண் ஒரு வீட்டில் இருந்தால், ஷூ கம்பெனி வேன் சந்துக்குள் நுழைந்து, வாசலில் நின்று, ஹார்ன் அடிக்கும். எந்தக் கமிட்டியும் போடாமல் அந்த ஒரு வழி மட்டும் தானாகவே உண்டாகிவிட்டது.

"சும்மா வீட்ல உக்காந்து இன்னாப்பா பண்றது?" என்றாள் லுப்னா. "வேன் பத்திரமா கூட்டிப்போய் பத்திரமா வுட்டுடுது. அம்மிக்கும் பேஜார் இல்ல."

"அடுத்த வருஷம் பாதை வந்துரும்மா. திரும்பச் சேந்துக்கலாம். மூணு வருஷப் படிப்புதானே."

"ம்" என்றாள்.

ஜஹீருன்னிசா அன்று மாலை ஐந்தரைக்கு வாசலில் நின்று மகள் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். காலேஜ் திறந்த நாளிலிருந்து முதல் முறையாக அவள் முகத்தில் பயம் இல்லை. அதைப் பார்த்து ஜியாவுல்லாவுக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அறைந்துகொள்ளவில்லை.

ஜனவரியில் சாம்பிள் இரண்டு தயார். இந்த முறை சீல் வைப்பதற்கு முன்னால் முறைப்படி 'வேர் ட்ரையல்' என்றார் பரணிதரன். ஷூவை நாலு பேர் காலில் போட்டு நடக்கவிட்டுப் பார்க்கிற மாதிரி, நாற்பது பேரை ஒரு மணி நேரம் பாதையில் நடக்கவிட்டு, கருத்துக் கேட்டு, பிறகு பூட்டுவது. நடப்பதற்கு ஆள் வேண்டும். லுப்னா வேலை பார்க்கும் கம்பெனிக்குக் கடிதம் போனது. கம்பெனி நாற்பது பெண்களை இரண்டு வேனில் அனுப்பிவைத்தது. ஆளுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு மோர் பாக்கெட். லுப்னாவும் வந்திருந்தாள். பந்தலுக்கடியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜியாவுல்லாவுக்கு நாற்பது வெள்ளைத் தொப்பிகளில் மகள் எது என்று தெரியவில்லை.

பெண்கள் எண்பது மீட்டர் போனார்கள், திரும்பினார்கள், மறுபடி போனார்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் ஆளுக்கொரு கருத்துப் படிவம், பெயர் எழுதத் தேவையில்லை. ஹேமந்த் எல்லாவற்றையும் வாங்கி மேடையில் வைத்துப் புரட்டினார். பாதுகாப்பாக உணர்கிறீர்களா: ஆம். ஓட்டின் நிறம் பிடித்திருக்கிறதா: ஆம். இப்பாதையால் உங்களுக்கு மிச்சமாகும் நேரம் எவ்வளவு: ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஐந்து நிமிடம். ஒரு படிவத்தில் கை நின்றது. பரணிதரனிடம் நீட்டினார்.

பரணிதரன் அதைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "இது சரியா வருமா?" என்று கேட்டது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

ஹேமந்த் கைபேசியில் கணக்குப் போட்டார். "வருது சார். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம்னு வெச்சுக்கிட்டா, முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். அதை எட்டு மணி நேர வேலை நாளா மாத்தினா கரெக்டா வருது. கொஞ்சம் ஜாஸ்தியே வருது."

பரணிதரன் எழுந்து நின்றார். குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, மனிதர் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார்.

"இந்தத் திட்டத்தால யாருக்கு என்ன பிரயோஜனம்னு சிலர் கேக்கறாங்க. அவங்களுக்கு ஒரு சாதாரண தொழிலாளிப் பொண்ணு பதில் எழுதியிருக்கா. மத்தவங்க எல்லாம் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு எழுதியிருக்காங்க. இந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கா தெரியுமா? இந்தப் பாதையால எனக்கு மூணு வருஷம் மிச்சம். மூணு வருஷம்! இதைத்தான் அறிக்கையோட முதல் பக்கத்துல போடப் போறோம்."

பந்தலே கைதட்டியது. ஜியாவுல்லாவும் தட்டினார். நாலைந்து தட்டு தட்டிய பிறகுதான் அதை எழுதியது யார் என்று அவருக்குப் புரிந்தது. கையை நிறுத்தியிருப்பார். ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.